நட்சத்திரம் கட்டாத வீடுகள்

நெய்வேலிச் சபைகளில் கேரல் பாடக் கிளம்பும் தம்பி தங்கைகளுக்கும், அவர்களைக் கூட்டிப்போகும் அண்ணன்மார், அக்காமார்களுக்கும்,

  

இந்நேரம் உங்கள் வாட்ஸப் குழுக்களில் பட்டியல் ஓட ஆரம்பித்திருக்கும். எந்த ராத்திரி எந்த வட்டம், வேனுக்கு டீசல் யார் பொறுப்பு, தாத்தா வேஷம் இந்தத் தடவை யாருக்கு, கீபோர்டு வாசிக்கிறவருக்கு அந்த வாரம் இரண்டாம் ஷிப்ட் விழுந்தால் யார் வாசிப்பது. அந்த வேன்களின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நானும் பல டிசம்பர்கள் பேஸ் குரலில் கத்தியிருக்கிறேன். அதனால் பட்டியல் எப்படித் தயாராகும் என்பது எனக்குத் தெரியும். சில பெயர்கள் வரும்போது யாராவது ஒருவர், "அவங்க வீட்டுல இந்த வருஷம் துக்கம், அடிச்சிடு" என்பார். ஒரு கோடு விழும். அடுத்த வீட்டுக்குப் போய்விடுவோம்.

துக்க வீட்டில் ஸ்டார் கட்டமாட்டார்கள், பலகாரம் சுடமாட்டார்கள், புதுத்துணி எடுக்கமாட்டார்கள். டோலக்கும் டாம்பரினுமாக அங்கே போய் நிற்பது மரியாதை இல்லை என்று நாம் நினைக்கிறோம். நல்ல எண்ணம்தான். ஆனாலும் நான் இந்த மடல் எழுதுவது அந்தக் கோட்டைப் பற்றித்தான். அதை அழித்துவிட்டு, அந்த வீடுகளுக்கு முதலில் போங்கள். கிறிஸ்துமஸுக்குப் போகச் சொல்லவில்லை, அட்வெந்துக்குப் போகச் சொல்கிறேன்.

இந்த இரண்டும் வேறு வேறு என்பதே நமக்கு மறந்துபோய்விட்டது. டிசம்பர் முதல் தேதியிலிருந்தே நமக்குக் கிறிஸ்துமஸ்தான். கடைத்தெருவுக்கும் அதுதான் வசதி. திருச்சபை போட்டு வைத்த கணக்கோ வேறு. அந்திரேயா அப்போஸ்தலரின் நாளான நவம்பர் 30-ஐ ஒட்டி வரும் ஞாயிறில் தொடங்கி நான்கு ஞாயிறுகள், காத்திருப்பதற்கென்றே ஒதுக்கியவை. பீடத்தில் ஊதா நிறம். கத்தோலிக்கத் திருப்பலியில் இந்த ஞாயிறுகளில் உன்னதங்களிலே கீதத்தைப் பாடுவதில்லை, அதைக் கிறிஸ்து பிறப்பு இரவுக்கென்று வைத்துவிடுகிறார்கள். ஐந்தாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டுத் தூர் நகரத்து ஆயர் பெர்பெத்துவுஸ், நவம்பர் 11 தொடங்கி கிறிஸ்துமஸ் வரை வாரத்தில் மூன்று நாள் உபவாசம் இருக்கும்படி தம் மக்களுக்குச் சொன்னார். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். நம் டவுன்ஷிப்பில் சிரியன் சபை மலையாளிக் குடும்பம் தெரிந்திருந்தால் விசாரித்துப் பாருங்கள். டிசம்பர் முதல் தேதியிலிருந்து இருபத்தைந்து நாள் நோன்பு, மீனும் இறைச்சியும் இல்லை. பக்கத்து குவார்ட்டர்ஸில் கறுப்பு வேட்டியோடு மாலை போட்டிருப்பவரும் அதே நாட்களில் விரதத்தில்தான் இருக்கிறார். பிளம் கேக்கை இரண்டு வாரம் முன்னாலேயே வெட்டிவிட்டு நிற்பது நாம் மட்டும்தான்.

இப்போது அந்தத் துக்க வீட்டை நினைத்துப் பாருங்கள். இனிப்பு இல்லை, அலங்காரம் இல்லை. கிடைக்காது என்று தெரிந்தும் ஒரு குரலுக்காகக் காது திறந்திருக்கிறது. நம் சபையில் அட்வெந்தை உள்ளபடி அனுசரிக்கும் குடும்பம் அது ஒன்றுதான் என்று நான் சொன்னால் மிகையில்லை. அதைத்தான் நாம் பட்டியலில் அடித்துவிடுகிறோம்.

ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். வட்டம் எது என்று சொல்லவில்லை, அவர்கள் இன்னும் இந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள். சுரங்கத்தில் வேலை பார்த்தவர், ஆடி மாதத்தில் மாரடைப்பில் போய்விட்டார். அந்த டிசம்பரில் வழக்கம்போல் அவர் பெயர்மேல் கோடு. ஆனால் அன்றைக்கு அந்தத் தெருமுனையில் வேன் நின்ற நேரம் பார்த்து, வடகிழக்குப் பருவமழை கொட்ட ஆரம்பித்தது. கையில் கிட்டாரும் பாட்டுப் புத்தகமும். ஒதுங்குவதற்குக் கிடைத்தது அந்த வீட்டு முன்தாழ்வாரம்தான். விளக்கு எரியவில்லை. நாங்கள் குசுகுசுவென்று பேசிக்கொண்டு நின்றோம். கதவு திறந்தது. அந்த அக்கா எங்களைப் பார்த்துவிட்டு, "ஏன் பாடாம நிக்கிறீங்க?" என்றார்.

யாருக்கும் என்ன பாடுவது என்று தெரியவில்லை. பயிற்சி செய்து வைத்திருந்ததெல்லாம் கைதட்டிப் பாடுகிறவை. கடைசியில் ஒரு பழைய கீர்த்தனையை மெதுவாக எடுத்தோம், அதுவும் பாதியில் சுருதி விட்டுப்போயிற்று. வாசல் ஓரத்தில் அவருடைய சேஃப்டி ஷூ இருந்தது. ஐந்து மாதமாக யாரும் போடாத ஷூ, பாலிஷ் போட்டுத் துடைத்து, ஷிப்டுக்குக் கிளம்புகிற ஆள் மாட்டிக்கொள்ள வசதியாக வாசலைப் பார்த்து வைத்திருந்தார்கள். மழை விடும்வரை உட்கார்ந்தோம். அக்கா வரக்காப்பி போட்டுக் கொடுத்தார். அவர் அழவில்லை. அவர் பேசியதெல்லாம் பி.எஃப். பாரத்தைப் பற்றி, குவார்ட்டர்ஸ் காலி செய்யவேண்டிய தேதியைப் பற்றி, பையனின் பத்தாம் வகுப்பைப் பற்றி. எங்களோடு வந்திருந்த ஆயரம்மா அந்தப் பாரத்தை வாங்கிப் படித்து, எங்கே கையெழுத்து, எதற்கு நகல் என்று விளக்கிக்கொண்டிருந்தார். கிளம்பும்போது அந்த அக்கா, "ஆடிக்கு அப்புறம் இன்னைக்குத்தான் வீட்ல சத்தம் கேட்டுது" என்றார்.

சமாதானம் என்று நாம் நாலு குரலில் பாடுகிறோமே, அது அந்த வீட்டுக்கு வந்த விதம் இதுதான் என்று நினைக்கிறேன். சுருதி தப்பிய ஒரு பாட்டோடும், பி.எஃப். பாரத்தோடும் வந்தது. அவர் கணவர் திரும்பி வரவில்லை, குவார்ட்டர்ஸைக் காலி செய்யவும்தான் வேண்டியிருந்தது. ஆனால் அந்த இரவுக்கு மட்டுமாவது அந்த வீடு பயமில்லாமல் தூங்கியிருக்கும்.

லூக்கா எழுதியதைத் திரும்பப் படித்துப் பாருங்கள். மரியாள் செய்தி கேட்டதும் என்ன செய்தாள்? மலைநாட்டுக்குப் போய், வயதான எலிசபெத்தின் வீட்டுக் கதவைத் தட்டினாள். அந்த வீட்டிலும் சத்தம் இல்லை. சகரியா வாய் பேச முடியாமல் உட்கார்ந்திருந்தார். போன மரியாள் ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினாள். நாமோ வீட்டுக்கு ஐந்து நிமிஷம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு போகிறோம். மூன்றாவது வீட்டிலேயே அண்ணன் மணியைப் பார்க்கிறார்.

பிறப்புச் செய்தியை முதலில் கேட்டவர்களும் இராக்காவலில் இருந்த மேய்ப்பர்கள். நைட் ஷிப்ட். பத்து மணிக்குப் பஸ் ஏறிக் காலை ஆறுக்கு மேல் கண் எரிய வீடு திரும்பும் ஆட்கள் நிறைந்த ஊரில் இதை நான் விளக்கவேண்டியதில்லை. ரோமப் பேரரசோ அதே காலத்தில் தான் கொண்டுவந்த சமாதானத்தைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. அகஸ்துராயனின் பெயரால் சமாதானத்துக்கென்றே ஒரு பலிபீடம் கட்டி, கி.மு. 9-ல் அர்ப்பணித்தார்கள். சலவைக்கல்லில் செதுக்கிய அந்தப் பீடத்தை இன்றும் ரோமில் பார்க்கலாம். போர்ப்படை வென்று கொடுத்த அமைதி அது. வயல்வெளியில் தூக்கம் கெட்டு நின்றவர்களுக்கு அறிவிக்கப்பட்டது வேறொன்று. இந்த இரண்டையும் நாம் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பது என் கவலை. ஏனென்றால் நம் ஊரிலும் இரண்டு உண்டு.

டவுன்ஷிப்பின் அமைதி எனக்குப் பிடித்தமானது. மரம் மூடிய நேரான சாலைகள், நம்பர் போட்ட வட்டங்கள், சாயங்காலத்தில் சைக்கிள் விடும் பிள்ளைகள். 1956-ல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கி, அடுத்த ஆண்டில் நேரு வந்து சுரங்கத்தைத் தொடங்கி வைத்து, 1962-ல் முதல் யூனிட்டில் மின்சாரம் பிறந்ததிலிருந்து இந்த அமைதி பலருக்குச் சோறு போட்டிருக்கிறது. எனக்கும்தான். அதற்கு வேறு இடத்தில் விலை கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். 2020-ல் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் மே 7-ஆம் தேதி ஒரு பாய்லர், ஜூலை 1-ஆம் தேதி இன்னொரு பாய்லர் வெடித்தது. ஜூலையில் ஆறு பேர் அந்த இடத்திலேயே போனார்கள். தீக்காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்களிலும் எல்லாரும் திரும்பவில்லை. இறந்தவர்களில் காண்ட்ராக்ட் தொழிலாளர்கள் உண்டு. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நிற்கும் நெல்வயலில் பரவனாற்றுக் கால்வாய்க்காக இயந்திரங்கள் இறங்கின. அதைத் தொடர்ந்து ஆர்ச் கேட் பக்கம் நடந்த கலவரத்தை நீங்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள். நிலம் கொடுத்தவர்கள், வேலைக்குக் காத்திருப்பவர்கள், காண்ட்ராக்ட் தொழிலாளர் சொசைட்டியில் பேர் பதிந்து வருஷக்கணக்கில் நிரந்தரத்துக்குக் காத்திருப்பவர்கள் எல்லாரும் கேட்டுக்கு வெளியே இருக்கிறார்கள். இதில் யார் பக்கம் நியாயம் என்று கேரல் குழு தீர்ப்பு எழுதவேண்டியதில்லை. ஆனால் நம் வேன் கேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் திரும்பியதே இல்லையென்றால், நாம் பாடுவது அகஸ்துவின் சமாதானமா, மேய்ப்பர்கள் கேட்டதா என்ற கேள்வி வரத்தான் செய்யும்.

அட்வெந்து வாசகங்களில் ஏசாயாவின் ஒரு பகுதி வரும். பள்ளமெல்லாம் மேடாகும், மலையெல்லாம் தாழும் என்ற பொருளில். மற்ற ஊர்ச் சபைகள் அதைக் கவிதையாகக் கேட்டுவிட்டுப் போகலாம். நமக்கு அது முடியாது. ஒரு டன் பழுப்பு நிலக்கரிக்கு ஏறத்தாழ ஐந்தரை கன மீட்டர் மேல்மண்ணை அள்ளவேண்டும். பக்கெட் வீல் சுழன்று அள்ளுகிறது, கன்வேயர் பெல்ட் ஓடுகிறது, மறுமுனையில் ஸ்பிரெடர் கொட்டுகிறது. முதலில் வெட்டிய மண்ணுக்கு இடமில்லாமல் அது குன்றாக நிற்கும். பிறகு கரி எடுத்து முடித்த பள்ளத்திலேயே மண்ணைத் திருப்பி நிரப்புகிறார்கள். நிரப்பினால் மட்டும் போதாது. அடிமண் மேலே வந்துவிட்டதால் அதில் எதுவும் லேசில் முளைக்காது. பசுந்தாள் உரம் விதைத்து மடக்கி உழுது, வருஷக்கணக்கில் பக்குவப்படுத்தினால்தான் அது பயிருக்கு ஆகும். நெய்வேலியில் மலை தாழ்வதும் பள்ளம் நிரம்புவதும் மூன்று ஷிப்டும் நடக்கும் வேலை. துக்க வீட்டிலும் ஒரே ராத்திரியில் எதுவும் நிரம்பிவிடாது. அதனால் டிசம்பரில் ஒரு தடவை போய்விட்டுக் கடமை முடிந்தது என்று வந்துவிடாதீர்கள். பொங்கலுக்குப் பிறகும் யாராவது ஒருவர் போகவேண்டும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். மரியாள் அந்த மலைநாட்டு வீட்டில் பாடியது தாலாட்டு இல்லை. பெரியவர்கள் ஆசனத்திலிருந்து தள்ளப்படுவதும் பசித்தவர்கள் நிரம்புவதும் அந்தப் பாட்டில் இருக்கிறது. அமைதியைக் கெடுக்கும் அந்தப் பாட்டுக்கு நம் பக்கத்திலும் ஓர் உதாரணம் உண்டு. இங்கே பண்ருட்டிப் பக்கம் மேல்பட்டாம்பாக்கத்தில் 1860-களின் தொடக்கத்தில் கார்ல் ஓக்ஸ் என்ற மிஷனெரி வந்து குடியேறினார். சபைக்குள் சாதியை அனுமதிக்கலாமா என்ற தகராறில் தன்னுடைய பழைய லைப்சிக் மிஷனோடு ஒத்துப்போக முடியாமல் பிரிந்து வந்தவர் அவர். பின்னால் டேனிஷ் மிஷனோடு இணைந்தார். இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபைக்கு அங்கேதான் வேர். வாயை மூடிக்கொண்டிருந்தால் அவருக்கு அமைதியான வாழ்க்கை கிடைத்திருக்கும். அவர் கிளப்பிய சண்டை இன்னும் தீரவில்லை. எந்தச் சபையில் யார் எந்தத் தெருவுக்குக் கேரல் போகிறார்கள், எந்தத் தெருவுக்குப் போவதில்லை என்பதை உங்கள் பட்டியலே காட்டிக்கொடுக்கும்.

தமிழில் காத்திருப்பைப் பாடக் கற்றுக்கொடுத்தவர் ஒருவர் நமக்கு உண்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1800-ல் பெத்லகேம் குறவஞ்சி எழுதினார். சிற்றிலக்கியக் குறவஞ்சியில் உலா வரும் தலைவனைக் கண்டு தலைவி ஏங்குவாள், குறத்தி வந்து கைபார்த்துக் குறி சொல்வாள். சாஸ்திரியார் அந்த வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டார். தேவமோகினி ஏங்குகிறாள், ஞானச்சிங்கி வந்து குறி சொல்கிறாள். எனக்கு அதில் பிடித்தது குறத்தி வீடு தேடி வருவதுதான். ஏங்குகிறவள் குறத்தியைத் தேடிப் போவதில்லை. ஜெர்மனியில் ஹிட்லரின் சிறையில் இருந்த போதகர் தீத்ரிக் போன்ஹோஃபரும் 1943 நவம்பரில் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இதற்குப் பக்கத்தில் வருகிறார். சிறை அறையில் இருப்பதும் அட்வெந்தும் ஒன்றுபோலத்தான், கதவை வெளியிலிருந்துதான் திறக்கமுடியும் என்ற பொருளில் எழுதினார். துக்கத்தில் இருப்பவரிடம் "மனசைத் தேத்திக்கிட்டு வெளிய வாங்க" என்று நாம் சொல்வதெல்லாம் உள்ளே இருப்பவரையே கதவைத் திறக்கச் சொல்கிற வேலைதான்.

போவது என்று முடிவெடுத்தால் சில காரியங்கள். மைக்செட் வேண்டாம், ஒரு கிட்டார் போதும், அதுவும் இல்லையென்றால் இன்னும் நல்லது. நாலைந்து பேருக்கு மேல் போகாதீர்கள். முன்னாலேயே போன் செய்து கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிட்டு, ஒரு வாரம் கழித்து வேறொருவரை விட்டுக் கேளுங்கள். தாத்தா வேஷம் வேனிலேயே இருக்கட்டும். காணிக்கைக் கவரை எடுத்துப்போகவே கூடாது. பழக்கதோஷத்தில் யாராவது நீட்டிவிடுவார்கள், எச்சரிக்கை. நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவர் இருக்கும் வீடானால் சாயங்காலம் நாலு மணிக்குப் போங்கள். எட்டு மணிக்குப் போனால் அவர் அடுத்த ஷிப்டுக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு கிளம்பிக்கொண்டிருப்பார். கையில் ஏதாவது சாப்பிட எடுத்துப்போங்கள், இட்லி போதும். பக்கத்து வடலூரில் வள்ளலார் 1867-ல் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. பசித்தவனிடம் முதலில் சோறு, பிறகுதான் மற்றதெல்லாம் என்பது இந்த மண்ணில் எல்லாருக்கும் பொது. துக்கப்பட்ட வீடு வேறு மதத்து வீடாக இருந்தால் பக்கத்து வீட்டுக்காரராக மட்டும் போங்கள். பாடச் சொன்னால் பாடுங்கள். துண்டுப்பிரதி வேண்டாம். அழுகிற இடத்தில் ஆள் பிடிப்பது அசிங்கம்.

வேதவசனம் வாசிக்கலாமா என்று ஆயர்கள் கேட்பார்கள். வாசிக்கலாம், சின்னதாக. ஆனால் "எல்லாம் நன்மைக்கே" என்ற பேச்சு மட்டும் வேண்டாம். ஆறு மாதத்துக்கு முன் கணவனைப் பறிகொடுத்தவளிடம் அதைச் சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை. சகரியாவைப்போல் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம். அவருக்குப் பேச்சு திரும்பியபோது அவர் பாடியது நல்ல பாட்டாகவே இருந்தது.

சபைகளில் அட்வெந்து வளையத்தில் வாரம் ஒரு மெழுகுவத்தி ஏற்றுகிறோம். பல சபைகளில் இரண்டாவது ஞாயிற்று மெழுகுவத்தி சமாதானத்துக்கு உரியது. அந்த வளையத்தை 1839-ல் ஹாம்பர்க்கில் யோஹான் ஹின்ரிக் விகர்ன் என்பவர் ஒரு வண்டிச் சக்கரத்தில்தான் முதலில் செய்தார். வறுமையில் கிடந்த பிள்ளைகளுக்காக அவர் நடத்திய இல்லத்தில், "கிறிஸ்துமஸ் எப்போ, எப்போ" என்று நச்சரித்த பிள்ளைகள் நாள் எண்ணுவதற்காக. பிறகு அது பெரிய கோயில்களுக்கும் கடைகளுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. இரண்டாம் ஞாயிறு ஆராதனை முடிந்ததும், அந்த மெழுகுவத்தியை ஏற்றியவர்கள் அப்படியே ஒரு நட்சத்திரம் கட்டாத வீட்டுக்குப் போகலாமே என்பதுதான் என் யோசனை. மார்கழி பிறப்பதற்கு முன்பே அந்த ஞாயிறு வந்துவிடும். பாவைப் பாட்டு கேட்க ஆரம்பித்துப் பக்கத்து வீட்டார் விடியலில் எழுந்து கோலம் போடும்போது, நீங்கள் ஒரு சுற்று போய் வந்திருப்பீர்கள்.

பட்டியல் போடும் கூட்டம் பெரும்பாலும் முதல் ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு கோயில் வளாகத்தில்தான் நடக்கும். அங்கே யார் வீட்டில் துக்கம் என்பது பையன்களுக்கு முழுதாகத் தெரியாது. பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாக்களையும், மரியாயின் சேனைக்காரர்களையும் கேளுங்கள், விரல்விட்டுச் சொல்வார்கள். மந்தாரக்குப்பம் பக்கம், மறுகுடியமர்வு ஊர்கள் பக்கம் யார் இருக்கிறார்கள் என்றும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பேஸ் குரலுக்கு ஆள் குறைந்தால் நான் இருக்கிறேன். மேல்ஸ்தாயி இனி முடியாது, படிக்கட்டு ஏறுவதும் கஷ்டம். ஆனால் துக்க வீட்டில் பெரும்பாலும் உட்கார்ந்துதானே இருக்கப்போகிறோம்.

கிறிஸ்துவுக்குள்,
பின்வரிசை பெஞ்சிலிருந்து ஒரு பழைய கேரல்காரன்
நெய்வேலி